ஏசிஎல் ஆபரேஷன் முடிந்த காலேஜ் ஃபுட்பால் வீரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்காவில் ஃபிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் காலேஜ் ஃபுட்பால் ஆடுகிற பையன்கள், அவர்களிலும் முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடித்து வருகிறவர்கள்தான் அதிகம். (ஃபுட்பால் என்று இங்கே சொல்வது ஹெல்மெட், பேட் எல்லாம் கட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலை.) இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் இந்த ஆட்டத்துக்குப் போகிறார்கள், அவர்கள் வீட்டிலிருந்தும் போன் வருகிறது. பெற்றோர் கேட்பதும் பையன்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள், உங்கள் முட்டியைத் திறந்து பார்த்தவர் அவர்.

யாரும் மோதவே இல்லை, தானாக ஓடித் திரும்பினான், அதற்குள் எப்படிக் கிழிந்தது?

பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது. ஏசிஎல் என்பது முட்டிக்குள்ளே குறுக்காகப் போகும் ஒரு ஜவ்வு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து, கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. வேகமாக ஓடிவந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, உடம்பைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பும்போது, அல்லது குதித்து ஒற்றைக் காலில் இறங்கி முட்டி உள்பக்கமாகச் சரியும்போது, அந்த ஜவ்வு தாங்க முடியாத இழுவைக்குப் போய்விடும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்வார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிடும். வைட் ரிசீவர், ரன்னிங் பேக், கார்னர்பேக் மாதிரி திசை மாற்றி ஓடுகிறவர்களுக்கு இப்படி. முன்வரிசையில் மோதி நிற்கும் லைன்மேன்களுக்கு யாராவது காலின் பக்கவாட்டில் வந்து விழுவதால் கிழிவதும் உண்டு, அப்போது ஏசிஎல் மட்டும் தனியாகப் போவது குறைவு, பக்கத்து ஜவ்வோ, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸோ சேர்ந்தே போயிருக்கும்.

எம்ஆர்ஐ வந்துவிட்டது, முழுசாகக் கிழிந்திருக்கிறது என்கிறார்கள். ஏன் உடனே ஆபரேஷன் செய்யாமல் மூன்று வாரம் தள்ளிப்போடுகிறார்கள்?

அலட்சியத்தால் தள்ளிப்போடவில்லை, உங்கள் நல்லதுக்குத்தான். வீங்கி, விறைத்து, முழுசாக நீட்ட முடியாமல் இருக்கிற முட்டியில் கத்தி வைத்தால் உள்ளே தழும்புத் திசு படர்ந்து முட்டி இறுகிப்போகும் அபாயம் அதிகம், அப்புறம் அதைப் பிரிக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால் முதலில் வீக்கம் வடிய வேண்டும், கால் முழுசாக நீள வேண்டும், முன்தொடைத் தசை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும். இந்த வாரங்களில் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மெனிஸ்கஸ் கிழிந்து முட்டியில் சிக்கிப் பூட்டிக்கொண்டது போன்ற சில நிலைமைகளில் மட்டும் சீக்கிரமே செய்வார்கள்.

எதை எடுத்து வைப்பது நல்லது? சர்ஜன் மூன்று வழி சொன்னார், குழப்பமாக இருக்கிறது.

கிழிந்த ஏசிஎல்லை இழுத்துத் தைத்தால் பெரும்பாலும் நிற்காது. அதனால் வேறு இடத்திலிருந்து ஒரு பட்டையை எடுத்து அந்த இடத்தில் புதிதாகப் பொருத்துகிறார்கள், அதுதான் கிராஃப்ட். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணிலிருந்து இரண்டு பக்கமும் எலும்புத் துண்டோடு எடுப்பது ஒன்று, பின்தொடைத் தசைநாணிலிருந்து எடுப்பது ஒன்று, முன்தொடைத் தசைநாணிலிருந்து எடுப்பது இன்னொன்று. காலேஜ், புரொஃபஷனல் ஃபுட்பாலில் முதல் வகையைத்தான் அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், எலும்போடு எலும்பு சேர்வதால் பிடிப்பு சீக்கிரம் வரும். அதற்கு விலை, மண்டியிடும்போது முட்டிக்கு முன்னால் வலி, சிலருக்கு அது வருடக்கணக்கில் இருக்கும். பின்தொடையில் எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் ஸ்பிரிண்ட் ஓடுகிறவனுக்குப் பின்தொடை பலம் எவ்வளவு முக்கியம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். சர்ஜன் எந்த வகையை அதிகம் செய்து பழகியவர் என்பதும் முக்கியம், தயங்காமல் கேளுங்கள்.

இறந்தவர் தானமாகக் கொடுத்த கிராஃப்ட் நான்காவது வழி. ஆபரேஷனுக்குப் பின் வலி குறைவு, வயதானவர்களுக்கு அது சரி. ஆனால் இருபது வயதில் திரும்ப இந்த ஆட்டத்துக்குப் போகிற பையனுக்கு அது மறுபடி கிழியும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு வாரம் என்ன செய்யணும்?

முட்டியை முழுசாக நீட்டணும். நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வலிக்கிறது என்று முட்டிக்குக் கீழே தலையணை வைத்து மடக்கியே படுத்துக்கிடப்பவர்கள்தான் ஆறாவது வாரத்தில் என் மேஜையில் அழுகிறார்கள். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி தானாகக் கீழே தொங்கி நீளட்டும். மடக்குவது மெதுவாக வரும், நீட்டுவது முதல் சில வாரங்களில் வராவிட்டால் பிறகு வரவழைப்பது பெரும்பாடு. அதோடு ஐஸ், காலைத் தூக்கி வைத்தல், முன்தொடையை இறுக்கி விடுதல், நீட்டின காலை அப்படியே தூக்குதல், அவ்வளவுதான்.

ஊன்றுகோலை நொண்டாமல் நடக்க வந்தபிறகு விட்டால் போதும், பலருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் கணக்கே வேறு, காலில் எடை போடுவதையும் ஆழமாக மடக்குவதையும் ஆறு வாரம் வரை கட்டுப்படுத்துவார்கள். பக்கத்து அறைப் பையனுக்கு மூன்றாம் வாரமே ஊன்றுகோலை எடுத்துவிட்டார்களே என்று ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தால், காய்ச்சலோடு காயத்திலிருந்து சீழ் கசிந்தால், உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், இதில் காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

தொடை பாதியாக இளைத்துவிட்டது. இறுக்கச் சொன்னால் இறுக்கவே முடியவில்லை. நரம்பு போய்விட்டதா?

இல்லை. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளை அந்தத் தசைக்குப் போகிற கட்டளையைக் குறைத்துவிடுகிறது, காலைப் பாதுகாக்க உடம்பு செய்கிற வேலை அது. 180 கிலோ தூக்கி ஸ்குவாட் செய்த பையன் தன் தொடையைப் பார்த்து, இறுகு இறுகு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அது அசையாது. அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கும். மின்தூண்டல் கருவி வைத்துத் தசையைச் சுருங்க வைப்போம், தொடையில் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை ஓரளவு கட்டுப்படுத்திக் குறைந்த எடையில் பயிற்சி கொடுப்போம், வீக்கத்தைக் குறைப்போம், தசை திரும்பி வரும். ஆனால் முன்தொடை பலம் முழுசாகத் திரும்ப மாதங்கள் ஆகும், கடைசிவரை பின்தங்கி நிற்பதும் அதுதான்.

மூன்று மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, படி ஏறுகிறேன். ஏன் இன்னும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வி வரும்போதுதான் எனக்குப் பயம் அதிகம். உள்ளே வைத்த கிராஃப்ட் ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் இல்லாத ஒரு துண்டுதான். உடம்பு அதன் பழைய செல்களை அகற்றி, புது ரத்தக்குழாய்களை அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக அதை ஜவ்வாக மாற்றுகிறது. அந்த வேலை நடக்கும்போது, கிட்டத்தட்ட ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை, கிராஃப்ட் ஆபரேஷன் நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். வெளியே முட்டி நன்றாகத் தேறியிருக்கும், வலி போயிருக்கும், நண்பர்கள் மைதானத்தில் நிற்பார்கள், உள்ளே கிராஃப்ட் மிகவும் மெலிந்த கட்டத்தில் இருக்கும். வலி இல்லை என்பதை வைத்து அதன் பலத்தைத் தெரிந்துகொள்ளவே முடியாது.

ஓட்டம் மூன்றரை, நான்கு மாத வாக்கில் ஆரம்பிக்கலாம், அதுவும் நேர்க்கோட்டில், வீக்கம் இல்லாமல், முழுசாக நீட்டி மடக்க முடிந்து, முன்தொடை பலம் மற்ற காலில் எழுபது சதவீதமாவது வந்திருந்தால். ஓடின மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் முந்தின நாள் அதிகம் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் போவோம். குதிப்பது, திசை மாற்றி வெட்டி ஓடுவது எல்லாம் அதற்கும் பிறகு.

ஆறு மாதத்தில் ஆட வந்தவர்கள் இருக்கிறார்களே? ஏட்ரியன் பீட்டர்சன்?

எல்லாப் பையன்களும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். புரொஃபஷனல் லீகான என்எஃப்எல்லில் ரன்னிங் பேக்காக ஆடிய பீட்டர்சனுக்கு 2011 டிசம்பர் 24 அன்று ஏசிஎல் கிழிந்தது, 2012 செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கே வந்தார், அந்த சீசனில் 2,097 யார்டு ஓடி என்எஃப்எல்லின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கினார். உண்மைதான். ஆனால் அதுவே எட்டரை மாதம், ஆறு அல்ல, அவர் மாதிரி உடம்பு கோடியில் ஒருவருக்கு.

நான் பையன்களிடம் காலேஜில் அடிபட்ட மற்றவர்களைப் பற்றிப் பேசுவேன். மயாமி பல்கலைக்கழகத்தின் வில்லிஸ் மெகாஹீ 2003 ஜனவரியில் ஃபியெஸ்டா போல் என்ற பெரிய காலேஜ் ஆட்டத்தில் முட்டியில் மூன்று ஜவ்வைக் கிழித்துக்கொண்டார். அந்த ஏப்ரலிலேயே, என்எஃப்எல் அணிகள் காலேஜ் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பஃபலோ பில்ஸ் அணி அவரை முதல் ரவுண்டில் எடுத்தது, ஆனால் 2003 சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள், 2004-ல் வந்து ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டக்காரர் (லைன்பேக்கர்) ஜேலன் ஸ்மித்துக்கு 2016 ஜனவரி 1 அன்று அதே ஃபியெஸ்டா போலில் முட்டி போனது, நரம்பும் சேதமாகிப் பாதத்தைத் தூக்கவே முடியாமல் இருந்தார். டல்லாஸ் கவ்பாய்ஸ் இரண்டாம் ரவுண்டில் எடுத்தது, அவரும் ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை, 2019-ல் நட்சத்திர வீரர்களுக்கான புரோ போல் வரை போனார். இன்னொரு பக்கம் சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர். 2011-ல் இடது முட்டி, 2012-ல் வலது முட்டி படுமோசமாக. என்எஃப்எல்லின் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி அவரை எடுத்து, காத்திருந்து, எல்லாம் செய்தும் ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2014-ல் ஓய்வு பெற்றார். அவர் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை, சில காயங்கள் அப்படி.

இனி எண்கள். டெலாவேரிலும் ஆஸ்லோவிலும் ஏசிஎல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடும் விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில், பலப் பரிசோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி காயம், தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்த இரண்டு எண்ணும் எப்போதும் என் மனதில் இருக்கும். அதனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மோதி ஆடும் கான்டாக்ட் விளையாட்டு கிடையாது, ஒன்பது மாதம் ஆகியும் டெஸ்டில் தேறாவிட்டால் அப்போதும் கிடையாது.

என்ன டெஸ்ட் அது?

தொடைத் தசையின் பலத்தைக் கருவியில் அளப்போம். ஒற்றைக் காலில் ஒரு தாண்டல், தொடர்ந்து மூன்று தாண்டல், கோட்டுக்குக் குறுக்கே மாறி மாறித் தாண்டல், ஆறு மீட்டரை எவ்வளவு நேரத்தில் தாண்டிக் கடக்கிறான் என்பது, இவை எல்லாவற்றிலும் அடிபட்ட கால் நல்ல காலில் தொண்ணூறு சதவீதமாவது வரணும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: ஒன்பது மாதத்தில் நல்ல காலும்தான் இளைத்திருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டுத் தொண்ணூறு வாங்குவது பெரிய விஷயம் இல்லை. அடிபடுவதற்கு முன்னால் எடுத்த அளவு டீமிடம் இருந்தால் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் தாண்டினான் என்பதைவிட எப்படி இறங்கினான் என்பதைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன், முட்டி உள்ளே சரிந்தால் தூரம் எவ்வளவு இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முட்டிக்குப் பிரேஸ் (தாங்கு கவசம்) போட்டால் சீக்கிரம் ஆட வரலாமா?

வர முடியாது. தைரியத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், லைன்மேன்கள் பலர் அடிபடாமலே போடுகிறார்கள். ஆறாத கிராஃப்டை அது காப்பாற்றாது.

எப்போது கார் ஓட்டலாம்?

வலது கால் என்றால் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம், பிரேக்கைச் சட்டென்று முழு பலத்தோடு அழுத்த வரணும். இடது கால், ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் முன்னாடியே. வலுவான வலி மாத்திரை சாப்பிடும் நாளில் எந்தக் காலானாலும் கூடாது.

எடை ஏறிவிடும் என்று சாப்பாட்டைக் குறைக்கலாமா?

முதல் வாரங்களில் குறைக்காதீர்கள், தசை இன்னும் வேகமாகக் கரையும். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6-லிருந்து 2 கிராம் வரை புரதம், நாள் முழுக்கப் பிரித்து. வேப்பிங் இருந்தால் நிறுத்துங்கள், நிக்கோட்டின் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

ஒரு சீசன் போய்விட்டது. அந்த வருஷம் கணக்கில் போய்விடுமா?

காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷனில் நீண்டகாலமாக இருந்துவந்த விதி, ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன். 2018-லிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடியும் ரெட்ஷர்ட் எடுத்து (ஆடாத சீசனாகக் கணக்கு வைத்து) அந்த சீசனைக் காப்பாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். அது தவிர, காயத்தால் இழந்த சீசனைத் திரும்பக் கேட்கும் மெடிக்கல் ஹார்ட்ஷிப் விண்ணப்பமும் இருக்கிறது: சீசனின் முதல் பாதியில் அடிபட்டிருக்க வேண்டும், மொத்த ஆட்டங்களில் ஏறக்குறைய முப்பது சதவீதத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, அந்த சீசனில் திரும்ப ஆட முடியாத காயம் என்று மருத்துவ ஆதாரம் வேண்டும். விண்ணப்பிப்பது பல்கலைக்கழகம், நீங்கள் அல்ல. இந்த விதிகள் சமீப வருடங்களில் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே அடிபட்ட வாரமே பல்கலைக்கழகத்தில் இந்த விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள், ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அடிபட்டதால் ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கிவிடுவார்களா? செலவு யார் தலையில்?

கொடுத்த காலத்துக்குள் காயத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்க என்சிஏஏ விதியில் இடம் இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்கள் ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை, வீரர் அங்கிருந்து போன பிறகும் குறைந்தது இரண்டு வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் குடும்ப இன்சூரன்ஸ் முதலில் கட்டி மீதியைப் பல்கலைக்கழகம் கட்டும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது, பில் வந்தால் கட்டிவிடாமல் முதலில் டீமில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரிடம் காட்டுங்கள்.

டாக்டர் எங்களிடம் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். நாங்கள் அம்மா அப்பா இல்லையா?

பதினெட்டு வயது ஆகிவிட்டால் சட்டப்படி அவன் கையெழுத்து இல்லாமல் அவர் சொல்ல முடியாது. நம் வீடுகளில் இது மனசை ரொம்பக் காயப்படுத்துகிறது, எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவனிடம் சாந்தமாகக் கேட்டு, தகவலைப் பகிரும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அவன் வேண்டாம் என்றால் சண்டை போடாதீர்கள், கோச்சின் அழுத்தத்தைவிட வீட்டின் அழுத்தத்துக்குப் பயந்து வலியை மறைத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கோச் பற்றியும் ஒன்று: ஆடலாமா கூடாதா என்பது மருத்துவக் குழுவின் முடிவு, அதை மாற்றும் அதிகாரம் கோச்சுக்குக் கிடையாது. யாராவது மறைமுகமாக நெருக்கினால் டீம் டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

நன்றாகத் தேறி வருகிறான் என்கிறீர்கள், ஆனால் அறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறான்.

பயிற்சியைவிட இதில்தான் நிறையப் பேர் உடைந்து போகிறார்கள். ஏழு வயதிலிருந்து ஃபுட்பால் வீரன் என்று மட்டுமே தன்னை அறிந்த பையனுக்கு, திடீரென்று காலை ஐந்தரை மணிக்குப் போக ஒரு இடம் இல்லை. அவன் இடத்தில் இன்னொருவன் ஆடுகிறான், நன்றாகவும் ஆடுகிறான், அதைப் பார்த்துக் கைதட்டவும் வேண்டியிருக்கிறது. அடிபட்ட பிறகு மனச்சோர்வு வருவது பலவீனம் இல்லை. நான் கோச்களிடம் கேட்பது, அவனை மீட்டிங்கிலிருந்து வெளியே விடாதீர்கள் என்றுதான்: ஆட்ட வீடியோ பார்க்கட்டும், முதலாண்டுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், டீமோடு சாப்பிடட்டும். தூக்கம் கெட்டால், படிப்பை விட்டால், வாழ்வதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

பயமும் இருக்கும். முட்டி தயார், மனசு தயாரில்லை என்பது உண்மையாகவே நடக்கும், அதை அளக்கப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவமே வைத்திருக்கிறோம். மதிப்பெண் குறைவாக வந்தால் ஆட்டத்துக்கு அனுப்ப மாட்டோம். தனியாக வெட்டி ஓடுவது, எதிரே ஒருவரை நிறுத்தி ஓடுவது, பேட் கட்டி மெதுவாக மோதுவது, பிறகு முழுப் பயிற்சி என்று வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போவோம். பாதிப் பயத்தோடு மைதானத்தில் தயங்கி நிற்கிறவனுக்குத்தான் அடிபடும்.

முதல் ஆட்டம் ஆடிவிட்டான்! இனி பயிற்சியை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு மறுபடி ஏசிஎல் கிழிகிறது, அதுவும் அதே முட்டியில்தான் என்றில்லை, மற்ற முட்டியிலும். முதல் இரண்டு வருடம்தான் ஆபத்து அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒற்றைக் கால் ஸ்குவாட், பின்தொடைப் பயிற்சி, குதித்து இறங்கும் பயிற்சி, சீசன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரண்டு காலுக்கும். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் முட்டியைத் தொட்டுப் பாருங்கள், வீங்கியிருந்தால் அடுத்த பயிற்சிக்கு முன்னாலேயே எங்களுக்குச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.